ஸ்காட்லாந்து கோல்களுக்கு என்ன மதிப்பு? ஹென்ரிக் லார்சன் பற்றி ஒரு விளக்கம்

ஐரோப்பியக் கால்பந்தைப் பற்றிப் பேசும் இடத்தில் ஹென்ரிக் லார்சன் பெயர் அடிபட்டால், கூடவே ஒரு முணுமுணுப்பும் கேட்கும்: "அவர் கோல் அடித்துக் குவித்ததெல்லாம் ஸ்காட்லாந்தில்தானே?" செல்டிக் கிளப்புக்காக 315 ஆட்டங்களில் 242 கோல். எண்ணைக் கேட்டு வாய் பிளப்பவர்களே லீக்கின் பெயரைக் கேட்டதும் அதில் பாதியைக் கழித்துவிடுவார்கள். ஸ்காட்லாந்து லீக்கில் இரண்டே இரண்டு பெரிய அணிகள், மீதியெல்லாம் சின்ன அணிகள், அங்கே யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது வாதம்.

வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கொஞ்சம்தான். ஸ்வீடன் தந்த இந்த ஸ்ட்ரைக்கரின் இருபது ஆண்டு ஆட்டத்தைப் பார்த்தால், கோல் எண்ணிக்கையை வைத்து அவரைப் புகழ்கிறவர்களும் அதே எண்ணிக்கையை வைத்து அவரை மட்டம் தட்டுகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய ஆட்டத்தின் ஆகச் சிறந்த அரைமணி நேரத்தில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

லார்சன் பிறந்தது 1971 செப்டம்பர் 20 அன்று, தெற்கு ஸ்வீடனில் உள்ள ஹெல்சிங்போர்க் என்ற துறைமுக நகரத்தில். ஸ்வீடனையும் டென்மார்க்கையும் பிரிக்கும் நீரிணை அங்கேதான் மிகவும் குறுகல். நாலு கிலோமீட்டர் தூரம்தான்; கரையில் நின்றால் எதிரே டென்மார்க் தெரியும். அப்பா பிரான்சிஸ்கோ ரோச்சா, மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத் தீவு நாடான கேப் வெர்தேக்காரர். அம்மா ஏவா லார்சன், தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்வீடன் பெண். பையனுக்கு அம்மாவின் குடும்பப் பெயரையே வைப்பது என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். ஸ்வீடனில் தடுக்கி விழுந்தால் ஒரு லார்சன் மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு சாதாரணமான பெயர். நிறத்தால் தனித்துத் தெரியும் பிள்ளை பெயரிலாவது ஊரோடு ஒட்டி இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஆறு வயதில் ஹோகாபோர்க் என்ற உள்ளூர்ச் சங்கத்தில் சேர்ந்தார். இன்றைக்கு ஐரோப்பாவில் நன்றாக ஆடும் பையனைப் பெரிய கிளப்புகள் எட்டு, ஒன்பது வயதிலேயே தங்கள் அகாடமிக்குக் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன. லார்சனை யாரும் கொத்தவில்லை. ஒல்லி, குள்ளம். இருபது வயது வரை அதே சின்னச் சங்கத்தில்தான் ஆடினார். செலவுக்குப் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கும் போனார். 1992-இல் நகரத்தின் பெரிய அணியான ஹெல்சிங்போர்க் அவரை எடுத்தபோது அந்த அணி இரண்டாம் நிலை லீக்கில் கிடந்தது. முதல் நிலை லீக்கை விட்டு இறங்கி 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. லார்சன் அந்த ஒரு சீசனில் 31 ஆட்டங்களில் 34 கோல் அடித்தார், அணி மேலே ஏறியது.

அடுத்த ஆண்டின் கடைசியில் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அவரை வாங்கியது. அங்கே நான்கு ஆண்டுகள். இரண்டு முறை நெதர்லாந்துக் கோப்பை வென்றார். ஆனால் லீக்கில் 101 ஆட்டங்களில் 26 கோல்தான். பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவரை ஓரத்தில் ஆட விட்டார்கள், பாதி ஆட்டத்தில் வெளியே அழைத்தார்கள். 26 வயதை நெருங்கும் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு இது பயமூட்டும் நிலைமை. இந்தக் கட்டத்தில் யாராவது "இவர் ஐரோப்பாவின் அதிக கோல் அடித்தவராக வருவார்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அவரைத் தப்பிக்க வைத்தது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து. 6,50,000 பவுண்டுக்கு எந்தக் கிளப் கேட்டாலும் அவரை விட வேண்டும். ஃபெயனூர்ட் விட மறுத்தது, சட்டத் தகராறானது, கடைசியில் லார்சன் பக்கம் தீர்ந்தது. 1997 ஜூலையில் கிளாஸ்கோ நகரத்தின் செல்டிக் கிளப்புக்குப் போனார். அங்கே மேலாளராக வந்திருந்த விம் யான்சன் ஃபெயனூர்ட்டிலேயே அவரை அறிந்தவர். அந்தத் தொகை அன்றைய சந்தையிலேயே மலிவு. செல்டிக் செய்த வியாபாரங்களில் இதைவிட நல்லது ஒன்று இருக்குமா என்பது சந்தேகம்.

அவர் போய் இறங்கிய இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாஸ்கோவில் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் ஜென்மப் பகையாளிகள். செல்டிக், அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கர்களுக்காக ஒரு துறவுச் சகோதரர் தொடங்கிய கிளப். ரேஞ்சர்ஸ், புராட்டஸ்டன்ட் ஸ்காட்லாந்தின் அடையாளம். ஆகவே அங்கே தோல்வி என்பது மைதானத்தோடு முடிவதில்லை. மறுநாள் வேலையிடத்தில், கடையில், மதுக்கூடத்தில் தொடரும். 1966 முதல் 1974 வரை செல்டிக் தொடர்ந்து ஒன்பது முறை லீக்கை வென்றிருந்தது. 1997-இல் ரேஞ்சர்ஸும் ஒன்பதாவது தொடர் பட்டத்தை வென்று அந்தச் சாதனையைத் தொட்டுவிட்டது. பத்தாவதையும் அடித்துவிட்டால் செல்டிக்காரர்கள் வாழ்நாளெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பத்தைத் தடுப்பதுதான் 1997-98 சீசனின் ஒரே வேலை.

அந்த வேலைக்கு வந்த லார்சனின் முதல் ஆட்டம் எடின்பரோவில், ஹைபர்னியன் அணிக்கு எதிராக. மாற்று வீரராக உள்ளே வந்தார். வந்தவர் பந்தை நேராக எதிரணியின் சிக் சார்ன்லி காலுக்கே பாஸ் கொடுத்தார். சார்ன்லி தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தார், கோல். செல்டிக் 2-1 என்று தோற்றது. சடைமுடியோடு வந்த புது ஆளைப் பார்த்து ரசிகர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பத்து மாதம் கழித்து, 1998 மே 9. சீசனின் கடைசி நாள். செயின்ட் ஜான்ஸ்டன் அணியை வென்றால் பட்டம், இல்லையென்றால் ரேஞ்சர்ஸுக்குப் பத்தாவது கிடைத்துவிடலாம். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம், லார்சன் இடப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து, பெட்டிக்கு வெளியிலிருந்தே பந்தை வளைத்து மேல் மூலையில் போட்டார். 2-0 என்று முடிந்தது. விம் யான்சன் சில நாட்களில் நிர்வாகத்தோடு பிணங்கி விலகிவிட்டார். லார்சன் ஏழு ஆண்டு இருந்தார்.

1999 அக்டோபர் 21, பிரான்ஸின் லியோன் நகரில் யூஈஎஃப்ஏ கோப்பை ஆட்டம். செர்ஜ் பிளாங்கோடு பந்துக்குப் போனபோது லார்சனின் இடது கால் இரண்டு இடங்களில் முறிந்தது. முழங்காலுக்குக் கீழே, இருக்கக்கூடாத இடத்தில் கால் வளைந்து தொங்கியதை ஒளிபரப்பில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 28 வயது. பல வீரர்களுக்கு அதோடு கதை முடிந்திருக்கும். முடியாதவர்களுக்கும் வேகம் போய்விடும். லார்சன் மறு ஆண்டு மே மாதம், சீசனின் கடைசி ஆட்டத்தில் மாற்று வீரராகத் திரும்பினார். அடுத்த மாதம் யூரோ 2000 போட்டியில் இத்தாலிக்கு எதிராக கோல் அடித்தார்.

கால் முறிந்த பிறகு வந்த 2000-01தான் அவருடைய பெரிய சீசன். செல்டிக்குக்கு மார்ட்டின் ஓநீல் மேலாளராக வந்திருந்தார். உயரமும் பலமும் கொண்ட கிறிஸ் சட்டன் பக்கத்தில் ஆட வந்தார். தற்காப்பு வீரர்களைச் சட்டன் பிடித்து வைத்துக்கொள்ள, லார்சனுக்கு ஓட இடம் கிடைத்தது. ஆகஸ்ட் மாதம் ரேஞ்சர்ஸை 6-2 என்று நொறுக்கிய ஆட்டத்தில் அவர் போட்ட ஒரு கோலை இன்றைக்கும் கிளாஸ்கோவில் போட்டுக் காட்டுவார்கள். நடுக்களத்திலிருந்து வந்த பந்தை எடுத்தார். தடுக்க வந்த பெர்ட் கொன்டர்மனின் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிக்கொண்டு போனார். கோல்கீப்பர் ஸ்டெஃபான் க்ளோஸ் முன்னே வந்ததைப் பார்த்து, ஓடும் வேகத்திலேயே அவர் தலைக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் இறக்கினார். மூன்று முடிவுகள், மூன்றும் ஓட்டத்தை நிறுத்தாமல். அந்த சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 53 கோல். உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றையும் செல்டிக் வென்றது.

53 கோலில் 35 லீக்கில் வந்தவை. அந்த 35-க்காக அவருக்கு ஐரோப்பிய தங்கக் காலணி விருது கிடைத்தது. முதலில் சொன்ன சந்தேகத்துக்கு நேராகப் பதில் சொல்லும் இடம் இதுதான் என்பதால் விருதின் கணக்கை விளக்கிவிடுகிறேன்.

ஐரோப்பாவின் எல்லா லீக்குகளிலும் சேர்த்து அதிக கோல் அடித்தவருக்கு இந்த விருது. தொடக்கத்தில், எந்த லீக்காக இருந்தாலும் ஒரு கோல் ஒரு கோல்தான். ஆகவே சின்ன லீக்கில் கோல் குவித்தவர்கள் விருதை அள்ளிக்கொண்டு போனார்கள். 1990-91-இல் சைப்ரஸ் நாட்டு வீரர் ஒருவர் 40 கோல் அடித்ததாக அந்நாட்டுச் சங்கம் வாதாட, கணக்கில் அவ்வளவு இல்லையே என்று சிக்கலாகி, விருதையே சில ஆண்டுகள் நிறுத்திவிட்டார்கள். 1996-97-இல் புதுக் கணக்கோடு மீண்டும் தொடங்கினார்கள். லீக்கின் தரத்தைப் பார்த்து ஒவ்வொரு கோலுக்கும் எடை. வலுவான லீக்குகளில் ஒரு கோலுக்கு 2 புள்ளி, அடுத்த நிலையில் 1.5, மற்றவற்றில் 1.

ஸ்காட்லாந்து அப்போது நடு நிலையில் இருந்தது. அதாவது லார்சனின் கோலில் கால் பங்கை விருதுக் கணக்கே கழித்துவிட்டது. 35 கோலுக்கு 52.5 புள்ளி. இத்தாலியில் லாட்சியோவுக்காக 26 கோல் அடித்த ஹெர்னான் கிரெஸ்போவுக்கு 52. அரைப் புள்ளி வித்தியாசத்தில் விருது ஸ்காட்லாந்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு போர்ச்சுகலில் ஆடிய ஜார்டெல் வாங்கினார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்கும் மேலாக, ஐந்து பெரிய லீக்குகளுக்கு வெளியே அந்த விருது போகவில்லை. "எளிய லீக்" என்று சொல்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: எளிது என்றால் அவருக்குப் பின்னால் அங்கே ஆடிய யாராவது அதைத் திரும்பச் செய்திருக்க வேண்டுமே.

சரி, அவரிடம் அப்படி என்ன இருந்தது? அசுர வேகம் இல்லை. ரொனால்டினோ போல பந்தை வைத்து வித்தை காட்டும் கால்களும் இல்லை. உயரம் 177 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கருக்கு அது சராசரிதான். ஆனாலும் தலையால் முட்டி கோல் போடுவதில் அவர் காலத்தில் அவருக்கு இணையானவர்கள் குறைவு. தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமான தற்காப்பு வீரருக்கு மேலே அவர் தலை தெரியும்.

அது எப்படி என்று அவர் ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் புரியும். உயரமானவர் பந்து வருவதற்குக் காத்திருந்து நின்ற இடத்தில் எம்புவார். லார்சன் நிற்க மாட்டார். பந்து ஓரத்திலிருந்து கிளம்புவதற்கு முன்பே கிட்டத்துக் கம்பத்தை நோக்கி இரண்டு எட்டு வைப்பார். அவரைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஆள் நம்பி அந்தப் பக்கம் சாய்வார். அதற்குள் லார்சன் பின்வாங்கி அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். பிறகு ஓடி வந்து எம்புவார். நின்று எம்புகிறவரைவிட ஓடி எம்புகிறவர் உயரம் போவார். கொஞ்சம் முன்னதாகவே எம்பினால், மற்றவர் மேலே போகும்போது இவர் உச்சியில் இருப்பார். அந்த உச்சியில் கழுத்தைத் திருப்பி, பந்து எந்த வேகத்தில் வந்ததோ அதே வேகத்தை வேறு திசைக்குத் திருப்பிவிடுவார். பலம் பந்திடமே இருக்கிறது. திசை மட்டும்தான் அவருடைய வேலை.

இதை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் 2003 மே 21 அன்று ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வந்து சேர்வதற்குள் செல்டிக் இரண்டு இங்கிலாந்து அணிகளை வெளியே தள்ளியிருந்தது. பிளாக்பர்ன் அணிக்கு எதிராக இரண்டு ஆட்டங்களிலும் லார்சன் கோல். பிப்ரவரியில் லிவிங்ஸ்டன் ஆட்டத்தில் தாடை உடைந்தது. சில வாரத்தில் திரும்பி வந்து, லிவர்பூல் அணிக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே கோல். அரையிறுதியில் போர்ச்சுகலின் போவிஸ்டாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களிலும் அவர்தான். இவையெல்லாம் ஸ்காட்லாந்து லீக் கோல்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இறுதியில் எதிரணி போர்ட்டோ. அதன் பயிற்சியாளர் அப்போது பெரிதாக வெளியே தெரியாத ஜோசே மொரின்யோ. செல்டிக் ஆதரவாளர்கள் ஏறக்குறைய 80,000 பேர் செவிலுக்கு வந்திருந்தார்கள் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் டிக்கெட் இல்லை. இடைவேளைக்குச் சற்று முன் போர்ட்டோவின் டெர்லெய் கோல் போட்டார். இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடம், வலப்பக்கத்திலிருந்து டிடியே அகாதே தூக்கி அனுப்பிய பந்தை லார்சன் தலையால் எதிர்ப்பக்க மூலைக்கு வளைத்துவிட்டார். 1-1. ஐம்பத்து நான்காவது நிமிடத்தில் போர்ட்டோ மறுபடி முன்னே போனது. மூன்றே நிமிடத்தில் ஆலன் தாம்சன் அடித்த கார்னர், லார்சன் தலை, 2-2.

கூடுதல் நேரத்தில் செல்டிக்கின் போபோ பால்டே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 115-ஆவது நிமிடத்தில் டெர்லெய் மீண்டும் அடிக்க, 3-2 என்று போர்ட்டோ வென்றது. மறு ஆண்டு அதே போர்ட்டோ அணி சாம்பியன்ஸ் லீக்கையே வென்றது. ஐரோப்பாவின் அடுத்த சாம்பியனாகப் போகிற அணியின் நடுப்பெட்டியில் எம்பி இரண்டு கோல் போட்டவர் தோற்றவர் பக்கம் நின்றார். அந்த ஆட்டத்தைத் தன் வாழ்வின் பெரிய ஏமாற்றம் என்றே லார்சன் பின்னாளில் பேசியிருக்கிறார்.

2004-இல் ஒப்பந்தம் முடிந்ததும் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், சொன்னபடியே போனார். சொந்த மைதானத்தில் கடைசி லீக் ஆட்டத்தில் இரண்டு கோல், முடிந்ததும் அழுதுவிட்டார். அதன் பின் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் டன்ஃபெர்ம்லின் அணிக்கு எதிராக மேலும் இரண்டு. ஏழு ஆண்டில் நான்கு லீக் பட்டம். செல்டிக் வரலாற்றில் அவரைவிட அதிக கோல் அடித்தவர்கள் இருவர்தான், ஜிம்மி மெக்ரோரியும் பாபி லெனாக்ஸும். 'அரசர்களுக்கு அரசர்' என்று அந்த ரசிகர்கள் அவரை அழைப்பார்கள்; கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கால்பந்து ரசிகர்களிடம் அடக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

32 வயதில், மாற்றுத் தொகை எதுவுமின்றி, பார்சிலோனா அவரைச் சேர்த்துக்கொண்டது. போன சில வாரத்திலேயே சாம்பியன்ஸ் லீக் அட்டவணை அவரை கிளாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பியது. மாற்று வீரராக வந்து செல்டிக்குக்கு எதிராக கோல் போட்டார், கொண்டாடவில்லை. நவம்பரில் ரியல் மாட்ரிட் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. 33 வயதில் மறுபடி ஆரம்பத்திலிருந்து. அதிலிருந்தும் மீண்டு வந்தார்.

இனி அந்த அரைமணி நேரம். 2006 மே 17, பாரிஸ் அருகே ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானம், சாம்பியன்ஸ் லீக் இறுதி. பார்சிலோனாவுக்கு எதிராக ஆர்சனல். பதினெட்டாவது நிமிடத்திலேயே ஆர்சனல் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் சிவப்பு அட்டை வாங்கினார். ஆனாலும் பத்துப் பேரோடு சோல் கேம்பெல் தலையால் ஒன்று போட்டு ஆர்சனல் முன்னே போனது. பார்சிலோனாவிடம் ரொனால்டினோ இருந்தார், சாமுவேல் எட்டோ இருந்தார், பந்தும் இருந்தது. கோல் மட்டும் வரவில்லை. பத்துப் பேர் பெட்டிக்கு முன்னால் சுவர் போல நிற்கும்போது பந்தைச் சுற்றிச் சுற்றிப் பாஸ் செய்வதில் பயனில்லை.

61-ஆவது நிமிடத்தில் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைகார்ட், நடுக்கள வீரர் வான் பொம்மெலை வெளியே எடுத்து லார்சனை இறக்கினார். செல்டிக்கில் லார்சன் ஓடி வந்து முடிப்பவர். இங்கே அவர் செய்தது வேறு. ஆர்சனலின் நடுத் தற்காப்புக்கும் ஓரத் தற்காப்புக்கும் இடையே போய்ப் போய் நின்றார். இவரை யார் கவனிப்பது என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது. 76-ஆவது நிமிடம், இனியெஸ்தா நடுவிலிருந்து வேகமாக ஒரு பந்தை அனுப்புகிறார். லார்சன் பந்தை நிறுத்தவே இல்லை; பாதத்தை மட்டும் காட்ட, பந்து பட்டு இடப்பக்கம் எட்டோவின் ஓட்டப் பாதையில் போய் விழுந்தது. 1-1. இன்னும் நாலு நிமிடம். வலப்பக்க ஓரத்தில் பந்தை வாங்கிக் காத்தார், பெல்லெட்டி பின்னாலிருந்து ஓடி வரும் வரை. சரியான வேளையில் முன்னே தள்ளினார். இறுக்கமான கோணத்திலிருந்து பெல்லெட்டி அடித்த பந்து கோல்கீப்பர் அல்முனியாவின் கால்களுக்கு நடுவே போய் வலையில் விழுந்தது. 2-1.

இரண்டு கோலிலும் அவர் பெயர் கோல் பட்டியலில் இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஆர்சனல் அணித் தலைவர் தியரி ஹென்றி கடுப்பில் சொன்னது இதுதான்: எல்லோரும் ரொனால்டினோ, எட்டோ என்கிறார்கள், நான் அவர்களைப் பார்க்கவில்லை, ஆட்டத்தை மாற்றியவர் லார்சன். தோற்ற அணியின் நட்சத்திரம் எதிரணி மாற்று வீரருக்கு இப்படிச் சான்று கொடுப்பது அபூர்வம். பார்சிலோனாவுக்கு அது இரண்டாவது ஐரோப்பியக் கோப்பைதான். பதினான்கு ஆண்டு காத்திருந்து பெற்றது.

கையில் அந்தக் கோப்பையோடு 34 வயதில் வேறு எந்தப் பணக்காரக் கிளப்புக்கும் போயிருக்கலாம். ஊருக்குத் திரும்பி ஹெல்சிங்போர்க்கில் சேர்ந்தார். ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த விஷயம் அது.

அதற்கு நடுவே ஒரு விநோதமான பத்து வாரம். ஸ்வீடனில் கடுங்குளிர் காரணமாக லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும்; ஜனவரி, பிப்ரவரியில் வீரர்களுக்கு வேலை இல்லை. இங்கிலாந்தில் அப்போதுதான் சீசன் உச்சத்தில். மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசன் இதைக் கவனித்து, 2007 ஜனவரி முதல் மார்ச் 12 வரை லார்சனைக் கடனாகக் கேட்டார். முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக எஃப்ஏ கோப்பையில் கோல். சாம்பியன்ஸ் லீக்கில் லீல் அணிக்கு எதிராகத் தலையால் ஒன்று, அந்த ஆட்டத்தின் ஒரே கோல். மொத்தம் 13 ஆட்டத்தில் மூன்று கோல்தான். ஆனாலும் ஃபெர்குசன் எப்படியாவது இருக்கச் சொல்லிக் கேட்டார். குடும்பத்துக்கும் ஹெல்சிங்போர்க்குக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று லார்சன் கிளம்பிவிட்டார். யுனைடெட் அந்த ஆண்டு லீக்கை வென்றது. பதக்கம் பெறப் பத்து லீக் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. அவர் ஆடியது ஏழு. கிளப் தனியாக அனுமதி கேட்டு அவருக்கும் ஒரு பதக்கம் வாங்கிக் கொடுத்தது.

ஸ்வீடன் தேசிய அணிக்கு வருவோம். 106 ஆட்டம், 37 கோல். 1994 அமெரிக்க உலகக் கோப்பையில் சடைமுடிப் பையனாகப் போனார். ருமேனியாவுக்கு எதிரான காலிறுதி பெனால்டிக்குப் போனபோது, தவறினால் போச்சு என்ற கட்டத்தில் அவர் அடித்தது உள்ளே போனது. அடுத்து கோல்கீப்பர் தாமஸ் ரவெல்லி தடுக்க ஸ்வீடன் அரையிறுதிக்குப் போனது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவை 4-0 என்று வென்றதில் அவர் கோல் ஒன்று. 2002 உலகக் கோப்பையில் மூன்று கோல் அடித்தும் செனகலிடம் தோற்று வெளியேறியது ஸ்வீடன். லார்சன் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

2004 யூரோ நெருங்கியதும் ஸ்வீடனில் ஒரு இயக்கமே கிளம்பியது. அவர் திரும்ப வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். யூஈஎஃப்ஏ தலைவராக இருந்த ஸ்வீடன்காரர் லென்னார்ட் யோஹான்சன் கேட்டார். மகன் யோர்டானும் கேட்டான். அதுதான் வேலை செய்தது என்று ஊரில் சொல்வார்கள். திரும்பினார். முதல் ஆட்டம், லிஸ்பனில் பல்கேரியாவுக்கு எதிராக. இடப்பக்கத்திலிருந்து எரிக் எட்மன் வளைத்து அனுப்பிய பந்து தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் வந்தது. காலால் எட்ட முடியாது, நின்று முட்டவும் முடியாது. லார்சன் அப்படியே கிடைமட்டமாகப் பாய்ந்து தலையால் அடித்தார். அந்தப் போட்டியின் சிறந்த கோல்களில் ஒன்று என்று இன்றைக்கும் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அடுத்த நிமிடமே இன்னொன்று, 5-0.

அவருக்கும் பெனால்டி தவறியிருக்கிறது. 2006 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 90-ஆவது நிமிடத்தில் சமன் செய்தவர், அடுத்த சுற்றில் முனிச்சில் ஜெர்மனிக்கு எதிராக, அணி இரண்டு கோல் பின்னே இருந்தபோது கிடைத்த பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். ஸ்வீடன் அத்தோடு வெளியே. அவர் மறுபடி ஓய்வு பெற்றார், மறுபடி 2008 யூரோவுக்குத் திரும்பினார். இந்த 'ஓய்வு' விஷயத்தில் மட்டும் அவர் வாக்கை யாரும் நம்பவில்லை.

இடையே 2008-இல் ஃப்ளோர்பால் என்ற உள்ளரங்க ஹாக்கி வகை ஆட்டத்தில் ஸ்வீடனின் உயர்மட்ட லீக்கிலும் கொஞ்சம் தலை காட்டினார். 2009 அக்டோபரில் தொழில்முறைக் கால்பந்தை நிறுத்தினார், இந்த முறை உண்மையாகவே.

பயிற்சியாளராக அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. லான்ட்ஸ்க்ரோனா, ஃபால்கன்பெர்க் என்ற சிறிய அணிகளுக்குப் பிறகு 2015-இல் ஹெல்சிங்போர்க்குக்கே பொறுப்பேற்றார். மகன் யோர்டானும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 2016-இல், 1993-இலிருந்து முதல் நிலை லீக்கில் இருந்த அணி கீழ் லீக்குக்கு இறங்கியது. கடைசி ஆட்டம் முடிந்ததும் முகமூடி அணிந்த ஆட்கள் மைதானத்துக்குள் புகுந்து, யோர்டானின் சட்டையைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார்கள். அன்றைக்கு அணிக்காக கோல் போட்டவரே அவர்தான். லார்சன் பதவி விலகினார்.

2020-இல் ஃபெயனூர்ட் காலத்துச் சக வீரர் ரொனால்ட் கூமன் பார்சிலோனாவுக்குப் பயிற்சியாளரானபோது, தன் உதவியாளர்களில் ஒருவராக லார்சனை அழைத்துக்கொண்டார். முன்பு பார்சிலோனாவில் சக வீரராக இருந்த மெஸ்ஸி அப்போது அணித் தலைவர். ஓராண்டும் சில மாதங்களும் கழித்துக் கூமனை நீக்கினார்கள், லார்சனும் வெளியே வந்தார். யோர்டான் ஸ்பார்டக் மாஸ்கோ, கோபன்ஹேகன் அணிகளுக்கும் ஸ்வீடன் தேசிய அணிக்கும் ஆடினார். அவரும் முன்கள வீரர்தான்.